காதை மூடிய முடி: அப்பாவின் 1979 கல்யாணப் படமும் மகனின் பிடிவாதமும்

பரண்மேல்_பெட்டி எழுதியது:

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அப்பா அம்மாவின் கல்யாணப் படம் கிடைத்தது. 1979, வைகாசி. திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை, பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. அப்பாவுக்கு இரண்டு காதும் தெரியவில்லை. முடி காதை மூடிக்கொண்டு சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிருதா தாடை வரை இறங்கியிருக்கிறது. இன்றைக்கு அதே தலையில் காதுக்கு மேல் நாலு வெள்ளை முடிதான் மிச்சம். அம்மாவின் கொண்டை சின்னப் பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். "தாத்தாவுக்கு இருப்பதுபோலவே எனக்கும் வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இவ்வளவு நாள் பக்கவாட்டில் தோல் தெரிய மழித்துக்கொண்டு திரிந்தவன் இவன். அப்போது வளர்க்கச் சொல்லிக் கெஞ்சியவன் நான்.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்த வெட்டுக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர்? அடுத்தது, பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊரில் உள்ள தலையெல்லாம் ஒரேயடியாக எப்படி மாறுகிறது? சினிமாதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு நாயகன் வருகிறான், ஊரே அவனைப்போல வெட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். சரியா?

---

மூன்றாவது_ஆட்டம் எழுதியது:

அதற்குப் பெயர் ஸ்டெப் கட்டிங். எழுபதுகளின் பாதியிலிருந்து எண்பதுகளின் பாதி வரை அதுதான் ஆட்சி செய்தது. கொஞ்சம் அதிகமாக வளர்த்தால் வீட்டில் "ஹிப்பி" என்று திட்டு விழும்.

சினிமா என்பதில் சந்தேகமே வேண்டாம். பாகவதர் கிராப்பு என்று ஒரு சொல்லே இருந்ததே. எண்ணெய் தடவி, பின்னுக்கு வாரி, தோளில் புரளவிடுவது. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அத்தனை நாள் ஒரே தலையைத் திரையில் பார்த்த ஊர் வேறு எப்படி வாரிக்கொள்ளும்?

என் முறை வந்தபோது 1996, காதல் தேசம். அப்பாஸின் நடு வகிடு. நெற்றியின் இரண்டு பக்கமும் முடி சரிந்து விழ வேண்டும். என் முடியோ தென்னந்துடைப்பம். தண்ணீர் தொட்டு வாரினால் காயும் வரை அப்பாஸ், காய்ந்த பிறகு பழைய குச்சி. கல்லூரி வாசலுக்குப் போகும் முன் பஸ் ஸ்டாண்டுக் குழாயில் மறுபடி நனைத்துக்கொள்வேன். 2003இல் சூர்யா போலீஸாக நடித்த காக்க காக்க வந்ததும் எல்லாரும் போலீஸ்காரர்கள் ஆனார்கள். ஒட்ட வெட்டிக்கொள்ள என் முடி தோதாக இருந்ததால் எனக்கு அதுதான் பொற்காலம்.

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

நான் சலூன் நடத்துகிறவன். மதுரைப் பக்கம் சிறு நகரம். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக இதே தொழில். முந்தைய பதிவுகளைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

முதலில், பரண்மேல்_பெட்டி, உங்கள் அப்பாவுடையது ஸ்டெப் கட்டிங்தான். முடியை விரலிடுக்கில் பிடித்து அடுக்கடுக்காகக் கத்தரிப்பது. மேலடுக்கு குட்டை, கீழடுக்கு நீளம். மெஷின் படாத வேலை. படத்தைப் பெரிதாக்கிக் கிருதாவின் அடிவிளிம்பைப் பாருங்கள். நேர்கோடாக இருந்தால் சவரக்கத்தியில் இழுத்தது. கலைந்த மாதிரி இருந்தால் கத்தரியாலேயே முடித்திருக்கிறார்கள்.

இனி சினிமாவுக்கு வருவோம். சினிமா முகத்தைக் காட்டும், மறுக்கவில்லை. எங்கள் கடைச் சுவரிலும் நடிகர் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. வருகிறவர் விரலால் தொட்டுக் காட்டுவார். ஆனால் அதைத் தலையில் கொண்டுவர வேண்டியது எங்கள் கையில் இருக்கும் சாமான். அந்தச் சாமான் என்ன, எப்போது வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

என் தாத்தாவின் கை மெஷின் இன்னும் கடையில் இருக்கிறது. இரண்டு பிடி, நடுவில் ஸ்பிரிங். அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே பிடரியில் மேலே ஏற்ற வேண்டும். அமுக்குகிற தாளமும் ஏற்றுகிற வேகமும் ஒரு நொடி பிசகினால் முடியைக் கடித்துப் பிடுங்கிவிடும். பெரிய மனிதர்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும். பையன்கள் எங்கள் கடையைக் கண்டு ஓடியது அதனால்தான். அதை வைத்துக்கொண்டு இன்றைக்குக் கேட்கிற ஃபேடு போட முடியுமா? கீழே தோல், மேலே போகப் போகப் புகை படிந்த மாதிரி கறுப்பு ஏற வேண்டும். சீப்பும் கத்தரியும் வைத்து ஓரளவு கொண்டுவரலாம், ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் யார் செய்வது?

கரண்ட் மெஷின், அதற்கு மாட்டுகிற நம்பர் போட்ட சீப்புகள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அதன் பிறகு வாடிக்கையாளரின் பேச்சே மாறிவிட்டது. "கொஞ்சம் குறைத்து விடுங்கள்" என்றவர்கள் "சைடு ஒன்று, மேலே நான்கு" என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேலே அப்பாஸ் பற்றியும் போலீஸ் கட்டிங் பற்றியும் எழுதியிருக்கிறார் நண்பர். ஒட்ட வெட்டும் பாணி நாடு முழுக்க அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு மெஷின் அப்போது மூலைக்கடைக்கும் வந்துவிட்டிருந்ததும் ஒரு காரணம்.

இன்னொன்று பிளேடு. முன்பு ஒரே கத்தி, தோல் பட்டையில் தீட்டி எல்லாருக்கும் அதே. வெட்டுப்பட்டால் படிகாரக் கல். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பிரசாரம் வந்தது. ஆளுக்கொரு புது பிளேடு போடச் சொல்லிச் சொன்னார்கள். பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் மாட்டுகிற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது. பாதி பிளேடு பயங்கரக் கூர்மை. காதோரம், பிடரி, தாடி விளிம்பு எல்லாம் கோடு கிழித்த மாதிரி எடுக்க முடிந்தது. தாடியைச் செதுக்குகிற பாணிக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்பேன்.

உங்கள் அப்பா காலத்து நீள முடியால் எங்கள் அப்பாவுக்குப் பெரிய நஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் வருவார். ஃபேடு போட்டவன் பதினைந்து நாளில் திரும்பி வந்தாக வேண்டும். இன்றைய பாணி வாழ்க என்று நான் சொன்னால் அதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது.

---

மூன்றாவது_ஆட்டம் எழுதியது:

பிளேடு விஷயம் யோசித்ததே இல்லை. ஆனாலும் தோனியை மறந்துவிட்டீர்களே. 2006இல் லாகூரில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் மேடையிலேயே "இந்த முடியை வெட்டாதீர்கள்" என்றார். அந்த நீள முடிக்கு எந்த மெஷின் காரணம்?

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

அந்த முடிக்கு எங்களில் ஒருவருமே காரணமில்லை. பையன்கள் கடைக்கு வராததுதான் காரணம். 2011இல் உலகக் கோப்பை ஜெயித்த கையோடு அவர் மொட்டை போட்டார். அந்த வாரம் எங்களுக்கு மொட்டை வேலை கொஞ்சம் வந்தது. உங்கள் கட்சிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறேன்.

---

பிச்சிப்பூ எழுதியது:

தலை என்றாலே ஆண்பிள்ளைத் தலைதானா? அந்தப் பூசணிக்காய்க் கொண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கொண்டை முழுக்கச் சொந்த முடி என்று நினைத்தீர்களா? உள்ளே சவுரி இருக்கும். எங்கள் பாட்டி வாருகிறபோது சீப்பில் வருகிற முடியை விரலில் சுருட்டி, ஓட்டு இடுக்கில் செருகி வைப்பாள். கொஞ்சம் சேர்ந்ததும் திரித்துச் சவுரி ஆகும். மிச்சத்தைத் தெருவில் வருகிற முடிக்காரரிடம் போட்டு ஊக்கு, சீப்பு, எவர்சில்வர் கிண்ணம் வாங்குவாள். ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மாத முடி என்று பேரம் நடக்கும். "இது நரைமுடி, எடுக்க மாட்டேன்" என்று அவர் ஒருமுறை சொல்லிவிட, பாட்டி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

எண்பதுகளில் எங்கள் பக்கம் நதியாதான். பூவே பூச்சூடவா 1985. அதற்குப் பிறகு கடைகளில் நதியா கொண்டை, நதியா வளையல், நதியா கம்மல் என்றே கேட்டு வாங்கினோம். ஆக, சினிமாக் கட்சிக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள், நாங்கள் நதியாவைப் பார்த்துக் கொண்டை போட்டோமே தவிர முடியை வெட்டிக்கொள்ளவில்லை. வெட்டியிருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். பெண்களுக்குப் பாணி என்பது வெட்டுவதில் இல்லை, கட்டுவதில் இருந்தது. பள்ளிக்கு இரட்டைச் சடை, மடித்து ரிப்பன். கல்லூரிக்கு ஒற்றைச் சடை. கல்யாணம் ஆனால் கொண்டை. சடையைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம்.

பூச்சடைப் படம் யாரிடமாவது இருக்கிறதா? கோடை விடுமுறையில் மல்லிகை மலிவாகக் கிடைக்கும்போது பூ தைப்பார்கள். வாழைமட்டையை நறுக்கிச் சடையின் நீளத்துக்கு வைத்து, அதன்மேல் மொட்டு மொட்டாகக் கோத்து, நடுவில் கனகாம்பரமோ மரிக்கொழுந்தோ கோலம் மாதிரி ஓட்டி, பிறகு அதைச் சடையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும். கழுத்தைத் திருப்பக் கூடாது. அப்படியே ஸ்டுடியோவுக்கு நடத்திக்கொண்டு போவார்கள். அங்கே என்னைப் பக்கவாட்டில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள், முகமும் சடையும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று. படத்தில் நான் சிரிக்கவில்லை. தலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தது. அந்த இரவு குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

---

வடபழனி_வாசி எழுதியது:

பிச்சிப்பூ, அந்தக் கண்ணாடிப் படம் எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் மூன்று அத்தைகள், மூவரும் அழுது முடித்த முகம்.

வெட்டிக்கொள்ளவே இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 1960இல் லவ் இன் சிம்லா என்ற இந்திப் படம் வந்தது. அகன்ற நெற்றியை மறைக்க அதன் நாயகி சாதனாவுக்கு முன்முடியை வெட்டி நெற்றியில் விழவிட்டார்கள், ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்து. சாதனா கட் என்று நாடு முழுக்கப் பரவியது. சென்னையில் எங்கள் பெரியம்மா அதைச் செய்துகொண்டார், தாமே, தையல் கத்தரியால். தாத்தா ஒரு மாதம் அவரை "நாய்க்குட்டி" என்றுதான் கூப்பிட்டார்.

---

சில்லறைக்_கணக்கு எழுதியது:

இரண்டு கட்சிக்கும் வெளியே நின்று ஒன்று சொல்கிறேன். நான் மளிகைக் கடை வைத்திருந்தவன். கடலூர்க்காரன். என் பார்வையில் தலையை மாற்றியது பொட்டலம்.

எழுபதுகளில் என் கடையில் தலைக்கு விற்றது இரண்டே சாமான்: தேங்காய் எண்ணெய், சீயக்காய்த்தூள். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர். பிறகு எங்கள் ஊரிலிருந்தே சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பைச் சின்னப் பையில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் 1983இல் சிக் ஷாம்பைத் தொடங்கினார். ஒரு ரூபாய்ப் பை, பின்னால் ஐம்பது பைசாப் பையும் வந்தது. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பேன். கிழிக்கிற சத்தம்தான் நாள் முழுக்க.

எண்ணெய் தேய்த்த தலையை விரித்துப் போட முடியுமா? சட்டையில் ஒட்டும், தூசி அப்பும். பின்னித்தான் ஆக வேண்டும். சீயக்காய் தேய்த்து அலச ஒரு அண்டா வெந்நீரும் அரை நாளும் வேண்டும், அதனால் வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை. பொட்டலம் வந்தபின் புதன்கிழமை காலை அவசரத்திலும் ஐந்து நிமிடத்தில் தலைக்குக் குளித்துவிட்டுப் பஸ் ஏறலாம். ஈரத்தோடு ஒரு கிளிப் குத்திக்கொண்டு போன பெண்கள்தான் எங்கள் ஊரில் முதன்முதலாக முடியை விரித்துவிட்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போனவர்கள். எந்த நடிகையையும் பார்த்து அவர்கள் செய்யவில்லை, நேரம் இல்லாமல் செய்தார்கள்.

---

பிச்சிப்பூ எழுதியது:

இது உண்மை. என் இரட்டைச் சடை போனதற்கும் அம்மா வேலைக்குப் போனதற்கும் இடையே மூன்று வாரம்தான்.

---

நெற்றி_ஏறுகிறது எழுதியது:

நண்பர்களே, எனக்கு 28 வயது. முன்னால் முடி கொட்டுகிறது. சின்ன வெங்காயச் சாறு தேய்த்தால் வளருமா? யாராவது அனுபவம் சொல்லவும்.

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

தம்பி, வெங்காயத்தைச் சாம்பாரில் போடுங்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள், சீக்கிரம் போனால் இருப்பதையாவது காப்பாற்றலாம். இதற்குத் தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாக எழுதுகிறேன்.

---

தேக்கா_தங்கராசு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 1979 படத்தில் உள்ள தலையோடு உங்கள் அப்பா அப்போது இங்கே வந்திருந்தால் தபால் நிலையத்தில் கடைசி ஆளாக நின்றிருப்பார். எழுபதுகளில் அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்: நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை. நீளம் என்றால் எது என்று படம் போட்டு விளக்கமும் உண்டு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சாதாரணச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. காதை மூடிய முடியாலேயே உங்கள் அப்பா மாட்டுகிறார். 1972இல் லெட் செப்பெலின் இசைக் குழுவே முடியால் இங்கே நிகழ்ச்சி நடத்த முடியாமல் திரும்பியது.

என் அண்ணன் அந்தச் சுவரொட்டிக்குப் பயந்து வெட்டவில்லை. வேலை தேடிப் போன இடத்தில் முதலாளி பார்த்த பார்வைக்குப் பயந்து வெட்டினான்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

எல்லாரும் 1944இல் தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய மாற்றம்தான் பெரிய மாற்றம். குடுமி போய்க் கிராப்பு வந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்டெப் கட்டிங்கும் ஃபேடும் சின்னச் சலசலப்பு.

கிராப்பு என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகிவிட்டது. அதற்கு முன் இங்கே ஆணுக்கு முடி என்றால் பெரும்பாலும் முன்னந்தலையை மழித்துப் பின்னால் முடிந்த குடுமிதான். பல சாதியாரிடமும் இருந்தது, பிராமணரிடம் மட்டும் என்று இன்று நினைக்கிறார்கள். முன்குடுமியும் உண்டு. சிதம்பரம் தீட்சிதர்கள் இன்றும் பின்னால் முடியாமல் பக்கவாட்டில் முன்னோக்கி முடிகிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்ற பழமொழி பிறந்தது அப்படிப்பட்ட குடுமியைப் பார்த்துத்தான்.

கிராப்பு வைத்தவனை "துரை ஆகிவிட்டான்" என்று கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. என் தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. அவர் செய்த சமரசம் வேடிக்கையானது. சுற்றிலும் கிராப்பு வெட்டிக்கொண்டு, உச்சிக்குச் சற்றுப் பின்னால் நாலு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் முடியை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். அலுவலகத்தில் அதை வாரிக் கிராப்புக்குள் படியவைத்துவிடுவார். வீட்டில் சந்தியாவந்தனத்துக்கு உட்காரும்போது எடுத்து முடிந்துகொள்வார். காலை பத்து மணிக்கு ஒரு தலை, மாலை ஆறு மணிக்கு ஒரு தலை.

சுப்பிரமணிய பாரதி காசிக்குப் போய்க் குடுமியை எடுத்துவிட்டு மீசையும் தலைப்பாகையுமாக வந்து நின்றார். பெரியார் பெண்களையே கிராப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். சீவி முடிக்கிற நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாமே என்பது அவர் வாதம். சில்லறைக்_கணக்கு சொன்ன ஐந்து நிமிடக் கணக்கு அதே கணக்குதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.

இதே ஊரில் விதவைப் பெண்ணுக்குத் தலையை மழித்த வழக்கமும் பிராமணக் குடும்பங்களில் இருந்தது. என் அத்தைப்பாட்டியைக் கடைசி வரை முக்காடு இல்லாமல் நான் பார்த்ததில்லை. முடி யாருக்குப் பாணி, யாருக்குத் தண்டனை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

---

கம்மாக்கரை எழுதியது:

வாத்தியார் எழுதியதைப் படித்ததும் ஊர் நினைவு வந்தது. கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்டுக்கொண்டே முடி வெட்டிக்கொண்ட சுகம் இந்தக் குளிர்சாதனக் கடைகளில் வருமா? அது ஒரு காலம்.

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

கம்மாக்கரை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்திருந்தவருக்குச் சுகம். குத்தவைத்து வெட்டியது என் தாத்தா.

அவருக்குக் கூலி கிடையாது. அறுப்புக்கு அறுப்பு களத்து மேட்டில் நின்று, கொடுக்கிற நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவர் மனம் போல அளப்பார். கூப்பிட்ட வீட்டுக்குப் போக வேண்டும், கொல்லைப்புறமாக. சாவு வீட்டு வேலையும் எங்களுடையதே. மழையோ காய்ச்சலோ, வர முடியாது என்ற சொல் எங்களுக்கு இல்லை. இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. ஊர்க்காரர்களின் மிரட்டலுக்குப் பயந்து எங்கள் ஆட்களே பட்டியல் சாதியினருக்கு வெட்ட மறுத்த ஊர்கள் ஏராளம். அவர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வருவார்கள். பாணி எப்படிப் பரவுகிறது என்று கேட்டீர்கள். டவுன் கட்டிங் முதலில் எங்கள் ஊர்ச் சேரிக்குத்தான் வந்தது. மேலத்தெருப் பையன்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை என் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா அறுபதுகளில் மரத்தடியை விட்டு டவுனில் கடை போட்டார். ஒரு சுழல் நாற்காலி, எதிரே ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. பெயர்ப்பலகையில் சலூன். அன்றிலிருந்து அவர் நின்றார், வந்தவர் உட்கார்ந்தார். "குனியுங்கள்" என்றால் குனிந்தார்கள். விலை சுவரில் எழுதியிருந்தது. யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதலில். பெஞ்சில் தினத்தாள்கள், கட்சிப் பத்திரிகைகள். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, முகத்தில் நுரையோடு ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். திராவிட இயக்கம் வளர்ந்த இடங்களில் எங்கள் கடைகளும் உண்டு.

நான் சாமான் சாமான் என்று சொன்னேனே, எல்லாவற்றிலும் பெரிய சாமான் அந்த நாற்காலி.

---

கம்மாக்கரை எழுதியது:

இதை நான் இப்படிப் பார்த்ததில்லை. மன்னியுங்கள். நெல் அளந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

---

சாக்பீஸ் எழுதியது:

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எடுக்கிறேன். பாக்ஸ் கட்டிங், மஷ்ரூம், ஒரு பக்கம் மட்டும் மழிப்பது, புருவத்தில் கோடு என்று தினமும் ஒன்று. எங்கள் தலைமை ஆசிரியர் பக்கத்து சலூன்களுக்கே போய், மாணவர்களுக்கு இப்படி வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். இங்கே சலூன்காரர் இருக்கிறார், என்ன சொல்கிறீர்கள்?

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

எங்கள் கடைக்கும் ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார், நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தேன். ஆனால் இடையில் மாட்டிக்கொள்வது நான். பையன் போனில் படம் காட்டுகிறான். வெட்டவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகிறான். அங்கே உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் இருக்கிறார், கை சுத்தம், பத்தே நிமிடம்.

எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை உண்டு. பையனை அழைத்துக்கொண்டு அப்பாக்காரர் வந்து பின்னாலேயே நின்று "ஒட்ட வெட்டு" என்பார். பையன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும். அப்போது கத்தரியைச் சீப்புக்கு அரை அங்குலம் மேலே வெறும் காற்றில் ஓட்ட வேண்டும். டிக் டிக் டிக் என்று சத்தம் விடாமல் கேட்கும். கீழே கொஞ்சம் தூள் முடி விழும். அப்பாவுக்குச் சத்தம், பையனுக்கு முடி. மெஷின் வந்த பிறகு இந்த வித்தை போய்விட்டது. மெஷின் பட்டால் பட்டதுதான்.

---

சாக்பீஸ் எழுதியது:

என்னை அப்படித்தான் ஏமாற்றியிருக்கிறார்களா! என் மகனின் முடி ஏன் ஒரே வாரத்தில் வளர்கிறது என்று வியந்ததுண்டு.

---

வடபழனி_வாசி எழுதியது:

2020 ஊரடங்கை யாரும் சொல்லவில்லையே. மார்ச் மாதக் கடைசியில் கடைகள் மூடின. எங்கள் அடுக்ககத்தில் ஆளுக்கொரு டிரிம்மர் வாங்கினோம். மாமனார் தலையில் நான் ஓட்டிய கோடு ஜூன் வரை தெரிந்தது. அந்த டிரிம்மரால்தான் இப்போது பலர் மாதம் இருமுறை வீட்டிலேயே ஒட்ட எடுத்துவிடுகிறார்கள்.

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

அந்த இரண்டு மாதம் எப்படி ஓடியது என்று எழுத எனக்கு மனம் இல்லை. திறந்த பிறகு ஒவ்வொருவரிடமும் பெயர், முகவரி, ஆதார் எண் குறித்துக்கொண்டுதான் துண்டைப் போர்த்தினோம். நாற்பது வருடம் வந்த பெரியவர், "என் பெயர் உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டே, "தெரியும், எழுத்துக்கூட்டுத்தான் தெரியவில்லை" என்றேன்.

---

பரண்மேல்_பெட்டி எழுதியது:

இரண்டு நாள் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் இழை இவ்வளவு நீண்டிருக்கிறது, முடி மாதிரி.

சீப்பும்_கத்தரியும் அண்ணன் சொன்னபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிருதாவின் அடிவிளிம்பு நேர்கோடு. சரி, சவரக்கத்தி. ஆனால் காதோரம் கத்தரித்த அடையாளமே இல்லை, வளர்ந்தபடி கிடக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் யாராவது இப்படி விடுவார்களா என்று அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

அவர் முதலில் பதில் சொல்லவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தாத்தா அவரைக் கையைப் பிடித்து சலூனுக்கு இழுத்துக்கொண்டு போனாராம். "மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும், காது தெரிய வெட்டு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தாராம். முக்கால் மணி நேரம் கத்தரி ஓடியது. தாத்தா காசைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் முடி அப்படியே இருக்கிறது. "வளர்ந்த இடத்தில் வெட்டினார்கள்" என்று அப்பா சொல்ல, அதற்குள் பெண் வீட்டார் வந்துவிட்டதால் தாத்தா வாயை மூடிக்கொண்டாராம்.

அந்தக் காற்றுக் கத்தரி பற்றி இங்கே எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஆள் எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் செய்வார்களா?" என்றார். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

கொண்டைக்குள் சவுரி இருந்ததா என்று அம்மாவிடமும் கேட்டேன், பிச்சிப்பூவுக்காக. "உனக்கு எதற்கு அதெல்லாம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மகன் விஷயத்தில், பொதுத்தேர்வு இல்லாத வருடம் என்பதால், பள்ளி விடுமுறைக்கு மட்டும் வளர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓரத்தைச் சரிசெய்ய நாளைக்கே அழைத்துப் போகலாம் என்று பார்த்தேன், நாளை செவ்வாய்க்கிழமை, கடை கிடையாது. புதன்கிழமை போகிறோம். அப்பாவும் கூட வருகிறாராம். வெட்ட ஒன்றுமில்லையே என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கப் போகிறாராம்.

---

சீப்பும்_கத்தரியும் எழுதியது:

மெஷின் வேண்டாம், கத்தரியிலேயே எடுக்கச் சொல்லுங்கள். அப்பாவைக் கண்ணாடி தெரிகிற பக்கமாக உட்கார வையுங்கள்.